டெலிபோன் இங்கிலீஷ்

பிளாரன்ஸ் இங்கிலீஷ் பழகுகிறாள் என்பது தெருவில் தெரியாத ஆள் கிடையாது. தெரியாமல் இருக்க வழியும் இல்லை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஊர் கொஞ்சம் கண்ணயரலாம் என்று பாயை விரிக்கிற நேரத்தில், அவள் புருஷன் அம்புரோஸ் குசினி வாசலில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, தனக்குப் பல் வலிக்கிறது, உடனே டாக்டர் வேண்டும் என்று இங்கிலீஷில் கத்துவான். உள்ளே முந்திரிப் பருப்புக்குத் தோல் உரித்துக்கொண்டிருக்கும் பிளாரன்ஸ், உங்களுக்குப் பல் வலிக்கிறது, உடனே டாக்டர் வேண்டும், அப்படித்தானே என்று அதைவிடச் சத்தமாகத் திருப்பிக் கத்துவாள். அடுத்தாற்போல் கப்பலுக்குத் தண்ணீர் வேண்டும் என்பான். எவ்வளவு தண்ணீர், எப்போது வேண்டும் என்பாள். பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்கூடம் விட்டு வருகிற வரைக்கும் இதே கூத்துதான்.

முதல் நாள் எதிர்வீட்டுச் செல்லக்கிளி, புருஷன் பெண்டாட்டிக்குள் வெட்டுக்குத்து என்று நினைத்து, ஆய்ந்துகொண்டிருந்த சாளை மீனை அப்படியே போட்டுவிட்டுச் செதில் ஒட்டிய கையோடு ஓடி வந்தாள். வந்து பார்த்தால் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பிளாரன்ஸ் அவளுக்கு விளக்கம் சொன்னாள். கப்பல் ஏஜெண்ட் ஆபீசில் டெலிபோன் குமாஸ்தா வேலைக்கு ஆள் எடுக்கப் போகிறார்கள். அதற்குப் பரீட்சை உண்டு. கப்பல்காரன் டெலிபோனில் சொல்வதைக் காதால் கேட்டு எழுதத் தெரியவேண்டும். அதைத்தான் பழகுகிறேன் என்றாள். அதற்கு எதற்கு இப்படித் தொண்டை கிழியக் கத்த வேண்டும் என்று செல்லக்கிளி கேட்டாள். டெலிபோன் இங்கிலீஷ் அப்படித்தான் என்று பிளாரன்ஸ் சொல்லிவிட்டாள்.

செல்லக்கிளிக்கு அது நியாயமாகவே பட்டது. தபாலாபீசில் பம்பாய்க்கு ட்ரங்க் கால் போட்டுப் பேசுகிறவர்களை அவள் பார்த்திருக்கிறாள். அவர்கள் கத்துகிற கத்தலுக்கு டெலிபோனே தேவையில்லை. அவளே தெருவுக்கெல்லாம் இந்தச் செய்தியைக் கொண்டுபோய்ச் சேர்த்தாள். அதற்கப்புறம் அந்தத் தெருவில் யார் குரலை உயர்த்திப் பேசினாலும் டெலிபோன் இங்கிலீஷ் பேசுகிறான் என்று கேலி பண்ணுவது வழக்கமாகிவிட்டது.

ஆனால் கத்துவதற்குப் பிளாரன்ஸ் சொன்ன காரணம் பொய். அம்புரோசுக்குக் காது போய்விட்டது. அதுதான் உண்மை. அவன் கப்பலில் ஆயில்மேன். இருபது வருஷம் இஞ்சின் ரூமுக்குள் நின்றவன். அங்கே யார் பேசுவதும் யாருக்கும் கேட்காது. கை ஜாடையும் உதட்டசைவும்தான் பாஷை. அதனால் தனக்குக் கேட்கவில்லை என்பது அவனுக்கே வெகுகாலம் தெரியாமல் போய்விட்டது. எதிரில் நின்று பேசுகிறவன் வாயைப் பார்த்தே எந்தப் பாஷையையும் பிடித்துவிடுவான். போன வருஷக் கடைசியில் கப்பலேறுவதற்காகப் பம்பாய் போனபோது, மெடிக்கல் பரிசோதனையில் ஒரு டாக்டர் அவனுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு உன் பேர் என்ன என்று கேட்டிருக்கிறார். இவன் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறான். மறுபடியும் கேட்டிருக்கிறார். அதோடு அவன் கப்பல் பிழைப்பு முடிந்தது.

ஊருக்குத் திரும்பியவன் பிரஷர் என்று சொன்னான். பிரஷர் என்றால் கௌரவமான வியாதி. கொஞ்ச நாளில் இறங்கிவிடும். காது போய்விட்டது என்று சொன்னால் அடுத்த நிமிஷம் செவிடன் அம்புரோஸ் என்று பேராகிவிடும். அதைவிடப் பெரிய காரணம் ஹென்றி செராங். தெருக்கோடியில் மாடி வைத்த வீடு அவருடையது. இந்தக் கடற்கரையிலிருந்து கப்பலுக்கு ஆள் சேர்த்து அனுப்புகிறவர் அவர்தான். பிரஷர் இறங்கட்டும், கிறிஸ்மஸுக்கு முந்தி ஒரு கப்பல் வருகிறது, அதில் உன்னை ஏற்றிவிடுகிறேன், அங்கே டாக்டரும் நமக்குத் தெரிந்த ஆள் என்று அவர் வாக்குக் கொடுத்திருந்தார். காது விஷயம் அவர் காதில் விழுந்தால் அந்த இடத்துக்கு வேறு ஆள் தயாராக நிற்பான். அம்புரோஸ் அந்த ஒரு நம்பிக்கையில்தான் காலையில் எழுந்திருந்தான், சவரம் பண்ணினான், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மாதா கோயிலுக்குப் போய் வந்தான்.

"யாருகிட்டயும் மூச்சு விடக்கூடாதுளா. உங்க அம்மகிட்ட கூட" என்று அவளிடம் சத்தியம் கேட்டான். மாதா கோயில் இருக்கிற திசையைப் பார்த்துப் பிளாரன்ஸ் சத்தியம் பண்ணிக் கொடுத்தாள்.

கொடுத்தாளே தவிர மனசு ஒப்பவில்லை. கல்யாணமான புதிதில் அவன் ஒரு கதை சொல்லியிருந்தான். இஞ்சின் ரூமில் நீராவிக் குழாய் ஒன்று வெடித்ததும் எல்லோரும் ஓடு ஓடு என்று கத்த, காது மந்தமான ஒரு கிழவர் மட்டும் தன்பாட்டுக்குத் துணியால் கைப்பிடிக் கம்பியைத் துடைத்துக்கொண்டு நின்றாராம். அதற்கு மேல் சொல்ல வேண்டாம் என்று அன்றைக்கே அவள் காதைப் பொத்திக்கொண்டாள். இப்போது கிறிஸ்மஸ் கப்பல் என்று அவன் பேச்செடுக்கும்போதெல்லாம் பார்த்தேயிராத அந்தக் கிழவர் கண்முன் வந்து நின்றார். போக வேண்டாம் என்று சொல்லலாம். சொன்னால் வீட்டில் வேறு என்ன சம்பாத்தியம் என்று கேட்பான். அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் இந்த டெலிபோன் வேலையை அவள் பிடித்துக்கொண்டாள். தனக்கு வேலை கிடைத்துவிட்டால் அவன் கப்பலுக்குப் போகத் தேவையில்லை. அவ்வளவுதான் அவள் கணக்கு.

புதுத் துறைமுகத்தில் கப்பல்கள் நேராக உள்ளேயே வந்து கரையோரம் கட்டி நிற்கத் தொடங்கிய மறு வருஷம் அது. முன்பெல்லாம் கப்பல் நடுக்கடலில் நிற்கும், தோணி போய்ச் சரக்கை இறக்கி வரும். இப்போது கப்பலைக் கட்டி நிறுத்தினவுடன் கரையிலிருந்து டெலிபோனை மேலே ஏற்றிக் கொடுத்துவிடுகிறார்கள். கேப்டனும் அவருக்கு அடுத்த மேட்டும் அரிசி வேண்டும், வைத்தியர் வேண்டும் என்று எந்நேரமும் ஏஜெண்டைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். ஆளாளுக்கு ஒரு தேசம், ஆளாளுக்கு ஒரு இங்கிலீஷ். ஆபீசில் பாதிப்பேர் மணி அடித்தால் பாத்ரூமுக்குப் போய்விடுவார்கள் என்று பேச்சு.

பிளாரன்ஸ் கான்வென்டில் எஸ்.எஸ்.எல்.சி. தேறினவள். டைப்ரைட்டிங்கில் ஹையர் முடித்தவள். இங்கிலீஷ் பேப்பரைக் கடகடவென்று வாசிப்பாள். அந்தத் தைரியத்தில்தான் கோடையில் ஒருநாள் பீச் ரோட்டில் இருந்த அந்த ஆபீசுக்கு விசாரிக்கப் போனாள். மேனேஜர் சங்கரலிங்கம், தினமும் பக்கத்துப் புதுக்கோட்டையிலிருந்து பஸ்ஸில் வந்து போகிற மனுஷர், நெற்றி நிறையத் திருநீறு. அவர் அவளிடம் பேசிக்கொண்டிருக்கும்போதே மேஜையில் டெலிபோன் அடித்தது. பேசிப் பாரேன் என்று எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டார். அந்தப் பக்கம் ஒரு குரல் வாயில் கூழாங்கல்லைப் போட்டுக்கொண்டு பேசுவது மாதிரி என்னவோ பேசியது. ஹலோ என்ற ஒரு வார்த்தையைத் தவிர அவளுக்கு எதுவும் விளங்கவில்லை. எஸ் எஸ் என்று இரண்டு தடவை சொன்னாள். எதற்கு எஸ் சொல்கிறோம் என்று தெரியாமல் சொன்ன அந்த எஸ்ஸை நினைத்து அன்று முழுவதும் உடம்பு கூசியது.

சங்கரலிங்கம் கோபப்படவில்லை. "கண்ணுக்குத் தெரிஞ்ச இங்கிலீசு காதுக்குத் தெரியலியே தாயி. மாதா கோயில் திருநா முடிஞ்ச மறு வாரம் பரீட்ச. காதத் தீட்டிட்டு வா" என்று சொல்லி அனுப்பினார்.

வீட்டுக்கு வந்து அழுதவளைப் பார்த்துத்தான் அம்புரோஸ் முக்காலியைத் தூக்கிக் குசினி வாசலில் போட்டான். அவனுடைய இங்கிலீஷுக்குத் தலையும் இருக்காது வாலும் இருக்காது. நேற்றைக்கும் நாளைக்கும் ஒரே வார்த்தைதான். ஆனால் இருபது வருஷமாகப் பல தேசத்து வாய்களையே பார்த்துக்கொண்டிருந்தவன் அல்லவா? காது நன்றாக இருந்த காலத்தில் கேட்டதும் மறக்கவில்லை. முதல் நாள் கிரேக்கச் சீஃப் இஞ்சினியர் ஆனான். பாதி எழுத்தைப் பல்லுக்குள் கடித்து, மீதியை மூக்கால் விட்டான். மறுநாள் நார்வே கேப்டன். அவர் பாட்டுப் பாடுகிற மாதிரி ஏற்றி இறக்கிப் பேசுவாராம். அடுத்தது ஸ்காட்லாந்து செகண்ட் இஞ்சினியர். அந்த மனுஷன் பேசுவது அவர் நாட்டு இங்கிலீஷ்காரனுக்கே புரியாது என்று சொல்லிக்கொண்டே ரகரத்தை உருட்டினான். பிளாரன்ஸ் சிரித்துச் சிரித்துப் பருப்போடு தோலையும் சேர்த்துப் போட்டுவிட்டாள்.

முந்திரிப் பருப்பு, மக்ரூன் போடுகிற பேக்கரியிலிருந்து வருவது. வறுத்த பருப்பைத் தோல் நீக்கி, சொத்தை பொறுக்கி, சுத்தமாக்கிக் கொடுக்க வேண்டும். ஆனி ஆடியில் கச்சான் காற்று பேய்போல அடிக்கும். கதவைத் திறந்தால் மணலும் உப்பும் பருப்பில் வந்து விழும். அதனால் கதவைச் சாத்திக்கொண்டு புழுக்கத்தில் உட்கார்ந்துதான் உரிப்பாள். கை அதுபாட்டுக்கு ஓடும், காது மட்டும் அவனிடம் இருக்கும். குனிந்த தலையோடு பதில் சொன்னால் அவனுக்கு அவள் வாய் தெரியாது. வாய் தெரியாவிட்டால் அவள் சரியாகக் கேட்டாளா என்று எப்படித் தெரியும்? ஆகவே கத்த வேண்டும். மிச்சமிருந்த காதில் அது போய் விழ வேண்டும். அவள் சொன்னது சரியாக இருந்தால்தான் அவன் அடுத்த வாக்கியத்துக்குப் போவான். தப்பாக இருந்தால் முக்காலியைத் தட்டுவான்.

சாயங்காலம் டிக்டேஷன். பருப்பு பொதிந்து வந்த பழைய இங்கிலீஷ் பேப்பரை விரித்து அவன் எழுத்துக்கூட்டி வாசிப்பான். அவள் மூத்த மகளின் சிலேட்டில் எழுதுவாள். அங்கேயும் சட்டம் அதுதான். முதலில் சத்தமாகத் திருப்பிச் சொல்ல வேண்டும், அப்புறம்தான் எழுத வேண்டும். இடைக்கிடையே அவன் வாசித்ததில் வார்த்தை தவறிய இடத்தை அவள் திருத்துவாள். இங்கிலீஷ் எழுதத் தெரிந்தவள் அவள், கேட்கத் தெரிந்தவன் அவன். இரண்டு பேரையும் சேர்த்தால் ஒரு முழு ஆள் தேறும் என்று அம்புரோஸ் சொல்லுவான். அவள் புரியாத இடத்தில் பழையபடி எஸ் என்று சொல்லிவிட்டால் மட்டும் அவனுக்குக் கோபம் வரும். "வெளங்கலன்னா வெளங்கலன்னு சொல்லு. மறுக்கா கேளு. எஸ்ஸுனு சொல்லிட்டு அங்கன கோதும கேட்டவனுக்கு உப்ப அனுப்பிராத" என்பான்.

இதெல்லாம் மெட்டில்டாவுக்குப் பிடிக்கவில்லை. மெட்டில்டா அம்புரோசின் அக்காள். அடுத்த தெருவில் வாக்கப்பட்டிருந்தாலும் அதிகாரம் முழுக்க இந்தத் தெருவில்தான். ஒருநாள் நண்டு கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அடுப்படியில் குனிந்து ஊதிக்கொண்டே ஆரம்பித்தாள்.

"கப்பக்காரன் பெண்டாட்டி ஆபீசுல போயி ஆம்பளையளுக்கு நடுவுல உக்காந்து, கண்ட தேசத்துக்காரன்கிட்டயும் டெலிபோன்ல பேசப் போறாளாக்கும். நம்ம குடும்பத்துல உண்டுமா இது. ஏலே அம்புரோசு, நீ கிறிஸ்மசுக்குக் கப்பலேறிருவ. இவளுக்கு என்னத்துக்குலே இந்த வேல? வேண்டாம்னு சொல்லு."

முதுகைக் காட்டிக்கொண்டு பேசினாள். அம்புரோசுக்கு ஒரு எழுத்தும் விழவில்லை. அக்காள் பேசி நிறுத்தியது தோளசைவில் தெரிந்தது. ஆமாக்கா, நல்லதுக்கா என்று தலையாட்டி வைத்தான். மெட்டில்டா திரும்பி நின்று பிளாரன்ஸை வெற்றியோடு பார்த்தாள். பிளாரன்ஸுக்குச் சிரிப்புத்தான் முதலில் வந்தது. எத்தனை நாளைக்கு இந்த மனுஷன் இப்படித் தலையாட்டிக்கொண்டே இருப்பான் என்று நினைத்தாள். நண்டைக் கழுவுகிற சாக்கில் பின்பக்கம் போய்விட்டாள்.

பரீட்சை சனிக்கிழமை காலையில் நடந்தது. ஆபீஸ் மாடியில் நீளமான அறை. மணல் வராமலிருக்க ஜன்னல்களைச் சாத்தியிருந்தார்கள். பத்துப் பேருக்குக் குறையாமல் வந்திருந்தார்கள். அதில் ஹென்றி செராங்கின் மகள் கிளாடிசும் இருந்தாள். காலேஜ் முடித்த பெண், நல்ல நீலச் சேலையில் வந்திருந்தாள். அக்கா என்று சிரித்து, பின் வரிசையில் உட்கார்ந்தாள். முதலில் டிக்டேஷன், அப்புறம் ஒவ்வொருவராக டெலிபோன் என்று சூப்பர்வைசர் எபனேசர் அறிவித்தார். சங்கரலிங்கம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசிக்க ஆரம்பித்தார். கோதுமை ஏற்றிக்கொண்டு வருகிற ஒரு கப்பலைப் பற்றிய பத்தி.

முதல் வாக்கியம் முடிந்தது. எல்லாத் தலைகளும் குனிந்தன. பிளாரன்ஸ் நிமிர்ந்து உட்கார்ந்து, அந்த வாக்கியத்தை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரைக்கும் அறை அதிரத் திருப்பிச் சொன்னாள்.

சொன்ன பிறகுதான் என்ன செய்தோம் என்று தெரிந்தது. அறையே சிரித்தது. "இங்க என்ன செபமாலையா நடக்கு, எல்லாரும் பின்னால சொல்லுததுக்கு" என்றார் எபனேசர். அவள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். இரண்டாவது வாக்கியம் முந்தானைக்குள்ளேயே முணுமுணுப்பாகக் கழிந்தது. ஆனால் வாயை அடைத்தால் காதும் சேர்ந்து அடைத்துக்கொண்டது. பாதி வார்த்தைதான் கையில் நின்றது. மூன்றாவது வாக்கியம் நீளமானது. அதை எப்படியாவது முழுசாகப் பிடித்துவிட வேண்டும் என்று கவனத்தைக் கூட்டினாள். கவனம் கூடியதும் முந்தானை நழுவியது. முந்தியதைவிடச் சத்தமாக அந்த வாக்கியம் வெளியே வந்துவிட்டது. பக்கத்துப் பெஞ்சில் இருந்த பையன் இதற்காகவே காத்திருந்தவன்போல மளமளவென்று எழுதினான்.

எபனேசர் வந்து அவள் தாளைப் பிடுங்கிக்கொண்டார். இந்தம்மா சொல்லச் சொல்லச் சுற்றியிருக்கிறவன் எழுதுகிறான், வெளியே அனுப்புங்கள் என்றார். சங்கரலிங்கம் கண்ணாடியைக் கழற்றி அவளையே பார்த்தார். இது பழக்கமா, தந்திரமா என்று இங்கிலீஷில் நிதானமாகக் கேட்டார்.

அந்தக் கேள்வி அவளுக்கு ஒரு எழுத்து சிந்தாமல் விளங்கியது. விளங்கியதால்தான் அவ்வளவு சுட்டது. வேலை போனால் போகட்டும் என்று எழுந்து போயிருப்பாள். ஆனால் ஏமாற்ற வந்தவள் என்று பேர் வாங்கிக்கொண்டு எப்படிப் போவது? காரணத்தைச் சொன்னால் தீர்ந்தது. சொல்வதற்கு வாயெடுத்தவள் பின்னால் திரும்பிப் பார்த்தாள். கிளாடிஸ் பேனாவைக் கையில் பிடித்துக்கொண்டு இவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இங்கே சொன்னால் பொழுது சாய்வதற்குள் செராங் வீட்டில் தெரிந்துவிடும். அம்புரோசின் கிறிஸ்மஸ் கப்பல் அத்தோடு போய்விடும். மாதாவுக்கு முன்னால் கொடுத்த சத்தியமும் போய்விடும். சொல்லாவிட்டால் இந்த வேலை போய்விடும். அவன் அந்தக் கப்பலில் ஏறிப் போவான், இஞ்சின் ரூமில் நிற்பான், யாராவது ஓடு என்று கத்துவார்கள்.

அவள் இங்கிலீஷில்தான் ஆரம்பித்தாள். பாதியில் அது போதவில்லை. தமிழுக்கு வந்துவிட்டாள்.

"எங்க வீட்டுக்காரருக்குக் காது கேக்காது சார். இருவது வருசம் இஞ்சின் ரூம்ல நின்ன காது. அவியதான் எனக்கு இந்த இங்கிலீச ஒவ்வொரு வார்த்தையாச் சொல்லிப் பழக்குனாவ. நான் கேட்டது சரியா தப்பான்னு அவியளுக்குத் தெரியணும்னா நான் கத்தித்தான் சொல்லணும். அப்படியே பழகிட்டு. நான் களவாணித்தனம் பண்ண வரல சார். காது கேக்காத மனுசன் காது கேக்குத எனக்குக் கேக்கச் சொல்லிக் குடுத்தாவ. அத நான் எங்கயும் சொல்லுவேன்."

கடைசி வாக்கியத்தை ஏன் சொன்னோம் என்று அவளுக்கே தெரியவில்லை. ஆனால் அதைச் சொல்லும்போது தலை நிமிர்ந்துதான் இருந்தது. அறையில் இப்போது யாரும் சிரிக்கவில்லை.

சங்கரலிங்கம் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு மற்றவர்களுக்கு வேறு பத்தியை வாசித்துப் பரீட்சையை மறுபடி நடத்தும்படி எபனேசரிடம் சொன்னார். இந்தம்மாளுக்கு டிக்டேஷன் மார்க் கிடையாது என்றார். எபனேசர் திருப்தியாகத் தலையாட்டினார். "ஆனா டெலிபோன்ல உக்காத்திப் பாப்போம். வாய மூடிக்கிட்டு இருக்கதுக்கா அங்க ஆள் எடுக்கோம்" என்று சொல்லிவிட்டுச் சங்கரலிங்கம் அவளை அடுத்த அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

துறைமுகத்தில் ஒரு கிரேக்கக் கப்பல் கட்டி நின்றது. அதன் செகண்ட் ஆபீசரிடம் முன்பே சொல்லி வைத்திருந்தார்கள்போல. சங்கரலிங்கம் ஒரு டெலிபோனைக் காதில் வைத்துக்கொண்டு, அதே இணைப்பில் இருந்த இன்னொன்றை அவளிடம் கொடுத்தார். அந்தப் பக்கத்துக் குரல் பாதி எழுத்தைப் பல்லுக்குள் கடித்து மீதியை மூக்கால் விட்டது. பிளாரன்ஸுக்கு முக்காலியில் உட்கார்ந்திருக்கும் அம்புரோசின் முகம் தெரிந்தது. குடிதண்ணீர் நாளைக் காலையில் வேண்டும் என்றது குரல். குடிதண்ணீர், நாளைக் காலையில் என்று அவள் அறை அதிரத் திருப்பிச் சொன்னாள். முட்டைக்கோசு, எலுமிச்சம்பழம். ஒரு மாலுமிக்குக் காய்ச்சல், டாக்டர் வர வேண்டும். ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லி, எழுதிக்கொண்டாள். அடுத்து வந்த வாக்கியம் மட்டும் பிடிபடவில்லை. எஸ் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. விளங்கவில்லை, தயவுசெய்து மறுபடி மெதுவாகச் சொல்லுங்கள் என்று கேட்டாள். கேப்டனுக்கு முடிவெட்ட ஆள் வேண்டும் என்று அவன் மெதுவாகச் சொன்னான்.

எல்லாம் முடிந்ததும் அவன் ஒன்று கேட்டான். அம்மா, லைன் நன்றாகத்தானே இருக்கிறது, ஏன் இவ்வளவு சத்தம் போடுகிறீர்கள் என்றான். பிளாரன்ஸ் சிரித்துவிட்டாள். இனிமேல் மெதுவாகப் பேசுகிறேன் என்று மெதுவாகவே சொன்னாள். டெலிபோனில் தன் சாதாரணக் குரலில் அவள் ஒரு முழு வாக்கியம் இங்கிலீஷ் பேசியது அதுதான் முதல் தடவை. அது யாரோ படித்த பெண் பேசுகிற மாதிரி அவளுக்கே கேட்டது. சங்கரலிங்கம் அவள் எழுதியதை வாங்கி, தான் கேட்டதோடு ஒத்துப் பார்த்தார். மற்றவர்களையும் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று அவளை இருக்கச் சொன்னார். சாயங்காலம் ஆனது. மற்ற எல்லோரையும் அனுப்பிவிட்டு, திங்கட்கிழமை காலையில் வந்து சேர்ந்துவிடு தாயி என்றார்.

கீழே கிளாடிஸ் காத்துக்கொண்டு நின்றாள். அவளுக்குக் கிடைக்காத வருத்தம் முகத்தில் இருந்தது. ஆனாலும் கூடவே நடந்தாள். தெரு முக்கு வந்ததும், "அப்பாகிட்ட நான் சொல்ல மாட்டேங்க்கா" என்றாள். பிளாரன்ஸ் அவள் கையைப் பிடித்து அமுக்கினாள். அந்தப் பெண்ணின் நல்ல மனசு பெரிய பாரத்தை இறக்கி வைத்தது. ஆனால் வேறொரு பாரம் வந்து ஏறியது. இனி அம்புரோஸ் போக நினைத்தால் போகலாம்.

வீட்டு வாசலிலேயே செராங்கின் செருப்பு கிடந்தது. உள்ளே ஹென்றி செராங் வாசலுக்கு முதுகு காட்டி நாற்காலியில் உட்கார்ந்து கருப்பட்டிக் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். மெட்டில்டா பக்கத்தில் நின்று உபசரித்துக்கொண்டிருந்தாள். கிறிஸ்மஸ் கப்பலுக்கு உன் பேரை எழுதிவிட்டேன், உன் கடலோடிப் புத்தகத்தை எடுத்துக் கொடு என்று செராங் சொல்வதும், அவர் வாயையே பார்த்துக்கொண்டு அம்புரோஸ் தலையாட்டுவதும் வாசலிலிருந்து தெரிந்தது. பிளாரன்ஸும் கிளாடிசும் நிலைப்படியில் நின்றுவிட்டார்கள். அம்புரோஸ் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். என்ன ஆச்சு என்று புருவத்தைத் தூக்கினான்.

செராங்கின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, சத்தமே இல்லாமல் உதட்டால் மட்டும் அவள் பேசினாள். வேல கெடச்சிட்டு. அவன் முகம் மலர்ந்தது. அதற்குள் அடுத்ததையும் சொல்லிவிட்டாள். உங்க காதப் பத்தி ஆபீசுல சொல்லிட்டேன். வேற வழியில்ல. கிளாடிசுக்குத் தெரியும். அவ அப்பாகிட்ட சொல்ல மாட்டாளாம்.

மலர்ந்த முகம் அப்படியே நின்றது. அவன் அவளைப் பார்த்தான். அப்புறம் செராங்கைப் பார்த்தான். கையில் இருந்த கடலோடிப் புத்தகத்தைப் பார்த்தான். அவன் கோபத்தை அவளால் தாங்கிக்கொள்ள முடியும். ஒன்றும் சொல்லாமல் அந்தப் புத்தகத்தைச் செராங்கிடம் நீட்டிவிட்டானென்றால்தான் தாங்க முடியாது.

அம்புரோஸ் புத்தகத்தை மேஜையில் வைத்துவிட்டு எழுந்தான்.

"ஏளா, வாய மட்டும் அசைக்காத. எனக்குத்தான் காது கேக்காதுலா. சத்தமாச் சொல்லு."

செராங்கின் கையில் காப்பி நின்றது. என்ன சொல்கிறாய் என்று கேட்டார். "ஆமா மாமா. பிரஷரும் இல்ல ஒண்ணும் இல்ல. காது போயிட்டு. எம் பேர அடிச்சிருங்க. கேக்காத காத வச்சிக்கிட்டு நான் கப்பல்ல நின்னா எனக்கும் கேடு, கூட நிக்கவனுக்கும் கேடு" என்றான் அம்புரோஸ். மெட்டில்டா நெஞ்சில் கை வைத்துக்கொண்டு நின்றாள். அவன் அக்காளைப் பார்க்கவில்லை. பெண்டாட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். "நீ சொல்லு" என்றான்.

"எனக்கு வேல கெடச்சிட்டு" என்றாள் பிளாரன்ஸ் மெதுவாக.

"கேக்கல."

இன்னும் சத்தமாகச் சொன்னாள். எதிர்வீட்டில் செல்லக்கிளி கதவைத் திறந்தாள்.

"கேக்கல. இங்கிலீசுல சொல்லு. டெலிபோன்ல சொல்லுத மாதிரி சொல்லு."

அவனுக்கு முதல் தடவையே, உதட்டிலேயே எல்லாம் கேட்டுவிட்டது என்று அவளுக்குத் தெரியும். கேட்கவேண்டியது தெருவுக்கு. பிளாரன்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தனக்குக் கப்பல் ஏஜெண்ட் ஆபீசில் வேலை கிடைத்துவிட்டது, திங்கட்கிழமை சேர வேண்டும் என்று இங்கிலீஷில், மூச்சுப்பிடித்து, தெருக்கோடி வரை கேட்கும்படி சொன்னாள். அங்கங்கே கதவுகள் திறந்தன. அம்புரோஸ் வாசலுக்கு வந்து அவள் பக்கத்தில் நின்றான். அவள் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல், அதைவிடச் சத்தமாகத் தெருவைப் பார்த்துத் திருப்பிச் சொன்னான். சொல்லிவிட்டு அவள் பக்கம் திரும்பி, சரிதானா என்று கேட்டான்.

சரிதான் என்றாள் பிளாரன்ஸ்.